செயற்கூறும் சார்பும்

இரண்டாம் ஆண்டு எம்.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்

ஆங்கிலத்தில் 'ஃபங்ஷன்' என்னும் ஒரே சொல்லைக் கணிதத்தாரும் கணிப்பொறியாரும் வழங்குகின்றனர். நம் பள்ளிப் பாடநூல்கள் அதற்குத் தமிழில் இரண்டு சொற்களைத் தந்துள்ளன. கணித நூலில் அது 'சார்பு'. கணிப்பொறி அறிவியல் நூலில் அது 'செயற்கூறு'. ஒரே பொருளுக்கு இரண்டு கலைச்சொற்கள் ஏன் என்று குறைகூறுவோர் உண்டு. எனக்கோ அது பெரும் பேறாகத் தோன்றுகிறது. ஏனெனில் இரண்டும் ஒரே பொருள் அல்ல.

சார்பு என்பது, கொடுத்ததைச் சார்ந்தே விடை தருவது. வர்க்கச் சார்பிற்கு 3 என்று கொடுத்தால் 9 வரும். இன்று கேட்டாலும் 9. நாளை கேட்டாலும் 9. செயற்கூறு அப்படிப்பட்டதன்று. பெயரிலேயே 'செயல்' இருக்கிறது. அது திரையில் எழுதும், கோப்பைத் திறக்கும், எங்கோ இருக்கும் ஒரு மாறியின் மதிப்பை நாம் அறியாமலே மாற்றிவிட்டு வரும். காலையில் அழைத்தால் ஒரு விடையும் மாலையில் அழைத்தால் வேறொரு விடையும் தர அதற்கு உரிமை உண்டு. செயற்கூறுகளையெல்லாம் இயன்றவரை சார்புகளாகவே எழுதுவோம் என்று உறுதி பூண்டவர்கள் வகுத்த நெறியே 'ஃபங்ஷனல் புரோகிராமிங்'. அதைச் சார்பு வழி நிரலாக்கம் என்று தமிழில் சொல்லலாம்.

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் சிலர் இதை விருப்பப் பாடமாக எடுத்து, ஹாஸ்கெல் என்னும் மொழியின் வழியாகக் கற்றோம். வரும் ஆண்டு இதை எடுக்கலாமா, அல்லது செல்பேசிச் செயலி உருவாக்கும் பாடத்தை எடுக்கலாமா என்று இளைய மாணவர்கள் என்னைக் கேட்கின்றனர். 'நல்ல பாடம், எடுங்கள்' என்று ஒரு வரியில் சொல்லிவிட எனக்கு மனமில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஒரு பருவத்தின் விலை என்ன என்பதை நான் அறிவேன். ஆகவே இந்நெறியின் இடர்ப்பாடுகளை முதலில் எழுதுகிறேன். நன்மைகளைப் புகழ்ந்துரைக்க நூல்கள் பல உண்டு. இடர்ப்பாடுகளை முன்கூட்டிச் சொல்வார்தாம் அரியர்.

சிறிது வரலாறு

இது புதிய நாகரிகம் அன்று. கணிப்பொறி பிறப்பதற்கு முன்பே, 1930-களில், அலான்சோ சர்ச் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 'லாம்டா கால்குலஸ்' என்ற முறையை வகுத்தார். சார்புகளை மட்டும் கொண்டே எல்லாக் கணக்கீடுகளையும் எழுதிவிட முடியும் என்று அது காட்டியது. 1958-இல் ஜான் மெக்கார்த்தி அமைத்த லிஸ்ப் மொழி அதன் குறியீட்டைக் கடன் வாங்கிக்கொண்டது. ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவரான ஜான் பேக்கஸே, 1977-இல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில், தாம் வளர்த்த வழியிலிருந்து நிரலாக்கம் விடுதலை பெற முடியாதா என்று கேட்டார். 1987-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கூடிய ஆய்வாளர்கள், சிதறிக் கிடந்த பல மொழிகளுக்கு மாற்றாக ஒரு பொதுமொழி வேண்டும் என்று முடிவு செய்தனர். 1990-இல் ஹாஸ்கெல் மொழியின் முதல் அறிக்கை வெளிவந்தது.

இத்தனை அறிஞர் போற்றிய நெறி ஏன் எல்லாக் கல்லூரிகளிலும் முதல் பாடமாகவில்லை? அதற்கான விடையை ஆய்வகத்தின் முதல் வாரத்திலேயே கண்டோம்.

முதல் தடை: மறக்க வேண்டியவை

'அ = அ + 1' என்று எழுதிக் கணித ஆசிரியரிடம் காட்டினால், 'எந்த எண் தன்னைவிட ஒன்று அதிகமாக இருக்கும்?' என்று அவர் கேட்பார். சி மொழி படித்தவர்களுக்கோ அதுதான் அன்றாட உணவு. பழைய மதிப்போடு ஒன்றைக் கூட்டி அதே பெட்டியில் வை என்பது அதன் பொருள். ஹாஸ்கெல் மொழியில் இதையே ஒரு வரையறையாக எழுதினால் கம்பைலர் மறுப்பதில்லை. ஆனால் அதன் மதிப்பைக் கேட்டால் விடை வருவதில்லை. 'அ' என்ன என்று அறிய 'அ' என்ன என்று கேட்டு, அதை அறிய மீண்டும் அதையே கேட்டு, அந்நிரல் முடிவின்றிச் சுழல்கிறது. இங்கே சமக்குறி என்பது சமக்குறியே. மதிப்பை மாற்றும் கட்டளை அன்று.

மதிப்பு மாறாதென்றால் மடக்கும் இல்லை. 'லூப்' இல்லாமல் அறுபது மாணவரின் மதிப்பெண்களை எப்படிக் கூட்டுவது? பட்டியல் வெறுமையாக இருந்தால் கூட்டுத்தொகை 0; இல்லையேல், முதல் மதிப்பெண்ணும் எஞ்சிய பட்டியலின் கூட்டுத்தொகையும் சேர்ந்ததே கூட்டுத்தொகை. இவ்வளவுதான் நிரல். படித்தால் வரையறை போல இருக்கிறது. வேலை செய்வது போல இல்லை. 'சரி, கணிப்பொறி எப்போதுதான் கூட்டுகிறது?' என்று என் பக்கத்து இருக்கை நண்பர் இரண்டு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இங்கே ஒரு வியப்பையும் குறிப்பிட வேண்டும். எங்கள் வகுப்பில் பி.சி.ஏ. முடித்தவர்களும் உண்டு, பி.எஸ்ஸி. கணிதம் முடித்து வந்தவர்களும் உண்டு. சி, ஜாவா ஆய்வகங்களில் பின்தங்கியிருந்த கணித மாணவியர், இந்த வகுப்பில் முதல் மாதம் முழுவதும் முன்னே சென்றனர். அவர்களுக்கு மறக்க வேண்டியது ஒன்றுமில்லை. தொகுத்தறிதல் முறையில் தேற்றம் நிறுவிப் பழகியவர்களுக்குத் தற்சுழற்சி என்பது பழைய உறவு. மூன்றாண்டுகள் நிரல் எழுதிய மற்றவர்களோ, வண்டியை இடப்புறம் ஓட்டிப் பழகிவிட்டு வலப்புறச் சாலைக்கு வந்தவர்கள் போல ஒவ்வொரு திருப்பத்திலும் தயங்கினர்.

இரண்டாம் தடை: கம்பைலரின் மொழி

ஹாஸ்கெல் கம்பைலர் கண்டிப்பான தேர்வுக் கண்காணிப்பாளர் போன்றது. எண் வேண்டிய இடத்தில் சொல் வந்தால் நிரலை ஓடவே விடாது. இது நன்மைதான். ஆனால் அது பிழையைச் சொல்லும் விதம் புதியவர்களைக் கலங்க வைக்கிறது. எடுத்துக்காட்டாக, இரண்டு மதிப்புகள் கொடுக்க வேண்டிய சார்பிற்கு ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 'ஒன்று குறைகிறது' என்று கம்பைலர் நேராகச் சொல்வதில்லை. ஏனெனில் இம்மொழியில், பாதி கொடுத்த சார்பும் ஒரு முழுமையான மதிப்பே; எஞ்சிய ஒன்றுக்காகக் காத்திருக்கும் புதிய சார்பு அது. எனவே அது குறையை அந்த வரியில் காணாமல், பல வரிகள் தள்ளி வேறோர் இடத்தில் தரவினம் பொருந்தவில்லை என்று முறையிடும். நோய் காலில் இருக்க, வலி தோளில் தெரிவது போன்றது இது. ஒவ்வொரு சார்பிற்கும் அதன் தரவினத்தை முதல் வரியில் நாமே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். எழுதாவிட்டாலும் கம்பைலரே ஊகித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் கற்கும் காலத்தில் அந்தச் சலுகையைப் பயன்படுத்தாமல் இருப்பதே நலம்.

மூன்றாம் தடை: திரையில் எழுதுவது

நிரல் சரியாக ஓடவில்லையென்றால் நாம் எல்லாரும் செய்வது என்ன? இடையில் ஒரு 'பிரின்ட்' போட்டு மதிப்பு என்ன என்று பார்ப்போம். இந்த எளிய கருவி இங்கே கைகொடுப்பதில்லை. திரையில் எழுதுவது ஒரு செயல். சார்பு செயல் புரியக் கூடாது. எழுதத்தான் வேண்டுமென்றால் அந்தச் சார்பின் தரவினமே மாற வேண்டும். அதை அழைக்கும் சார்பும் மாற வேண்டும். அதை அழைப்பதும் மாற வேண்டும். சோதனைக்காகத் தனியே ஒரு வசதி உண்டு. ஆனால் ஹாஸ்கெல் தேவைப்படும்போது மட்டுமே எதையும் கணக்கிடுவதால், அச்சாகும் வரிகள் நாம் எதிர்பார்க்கும் வரிசையில் வருவதில்லை.

இந்தச் சிக்கல் மொழியை அமைத்தவர்களையே பல ஆண்டுகள் வாட்டியது. 1990-இல் வந்த முதல் அறிக்கையில் உள்ளீடும் வெளியீடும் சுற்றிவளைத்தே செய்யப்பட்டன. யூஜீனியோ மோஜி 1989-இல் கணிதத்திலிருந்து எடுத்துக்காட்டிய 'மோனாட்' என்னும் கருத்தை, ஃபிலிப் வாட்லர் முதலியோர் நிரலாக்கத்துக்குப் பயன்படுத்தினர். 1996-இல் வெளியான 1.3 பதிப்பில் அது மொழியின் முறையான பகுதியாயிற்று.

'மோனாட்' என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சி ஓடியவர் பலர். அதை விளக்கப் புகுந்தவர்கள் பெட்டி என்றார்கள், குழாய் என்றார்கள், உறை என்றார்கள். ஒவ்வோர் உவமையும் ஓரிடத்தில் பொருந்தி மறு இடத்தில் நழுவுகிறது. இந்த இடத்தில் எங்கள் வகுப்பின் வரிசை தலைகீழாயிற்று. முன்னே சென்ற கணித மாணவியர், கோப்பைப் படித்து மதிப்பெண் பட்டியல் அச்சிடும் பயிற்சியில் நின்றுவிட்டனர். கோப்பும் திரையும் பழகிய பி.சி.ஏ. நண்பர்கள், காரணம் புரியாவிட்டாலும் எழுதிவிட்டனர். எங்களுக்கு உதவியது எந்த உவமையும் அன்று. மதிப்பு இல்லாமற் போகலாம் என்னும் நிலை, பல விடைகள் வரலாம் என்னும் நிலை, நினைவில் வைத்து நடக்கும் நிலை, வெளியுலகோடு பேசும் நிலை ஆகிய நான்கையும் எங்கள் பேராசிரியர் தனித்தனியே எழுத வைத்தார். நான்காவதை எழுதும்போது, நான்கிலும் ஒரே அமைப்பு வருகிறதே என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. 'அந்த அமைப்புக்குப் பெயர்தான் மோனாட்' என்றார் பேராசிரியர். பெயர் கடைசியில் வந்ததால் அச்சம் வரவில்லை.

மொழியின் குறைகள்

இதுவரை சொன்னவை கற்பவரின் இடர்கள், பழகினால் நீங்கும். பழகிய பின்னும் நீங்காத குறைகள் சில உண்டு.

முதலாவது நினைவகச் செலவு. ஹாஸ்கெல் கணக்கைத் தள்ளிப்போடும் இயல்புடையது என்றேன். 'ஃபோல்ட்' வகைச் சார்புகளுள் பொருத்தமில்லாத ஒன்றைக் கொண்டு பத்து லட்சம் எண்களைக் கூட்டச் சொல்லி, கம்பைலரின் மேம்படுத்தும் வசதியின்றி இயக்கினால், அது உடனே கூட்டுவதில்லை. 'பின்னர்க் கூட்டிக்கொள்ளலாம்' என்ற குறிப்புகளைப் பத்து லட்சம் அடுக்கி வைத்துவிட்டு, கடைசியில்தான் கூட்டத் தொடங்குகிறது. விடை ஒன்றே, நினைவகச் செலவு பன்மடங்கு. நிரலைப் படிப்பவரின் கண்ணுக்கு இச்செலவு தெரிவதில்லை என்பதே இதில் பெருந்தொல்லை.

இரண்டாவது, தமிழருக்குக் கூடுதலாக வரும் சுமை. ஹாஸ்கெல்லின் அடிப்படைச் சொற்சரம் என்பது எழுத்துகளின் தொடர்பட்டியல். 64 பிட் கணிப்பொறியில், பரவலாக வழங்கும் ஜி.எச்.சி. கம்பைலரில், பட்டியலின் ஒவ்வொரு கண்ணிக்கும் 24 பைட் ஆகிறது. ஆங்கில எழுத்துகள் முன்னரே ஆக்கி வைக்கப்பட்டுப் பொதுவில் பகிரப்படுகின்றன. தமிழ்க் குறிகள் அந்தச் சிறு தொகுப்பில் இல்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் மேலும் 16 பைட் தேவை. வட்டில் யூ.டி.எஃப்-8 முறையில் 3 பைட் கொள்ளும் ஒரு தமிழ்க் குறி, இங்கே 40 பைட் கொள்கிறது. பத்து லட்சம் குறிகள் கொண்ட கோப்பு வட்டில் 30 லட்சம் பைட். முழுதும் நினைவகத்தில் நின்றால் 4 கோடி பைட். தமிழ்ச் சொற்களை எண்ணும் திட்டப்பணி செய்த எங்களுக்கு இக்கணக்கு பாடநூலில் கிடைக்கவில்லை. பழைய ஆய்வகக் கணிப்பொறிதான் மெல்ல மெல்ல நின்று கற்பித்தது. 'டெக்ஸ்ட்' என்னும் நூலகத்தைப் பயன்படுத்தினால் இச்சுமை நீங்கும். 2021-இல் வந்த அதன் 2.0 பதிப்பு எழுத்துகளை யூ.டி.எஃப்-8 முறையிலேயே வைத்துக்கொள்கிறது.

மூன்றாவது, அழகின் மயக்கம். 'குவிக்சார்ட்' வரிசையாக்கத்தை இரண்டே வரிகளில் எழுதிக் காட்டாத ஹாஸ்கெல் விளக்கம் அரிது. அதைக் கண்டு நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் 1961-இல் டோனி ஹோர் வெளியிட்ட முறையின் சிறப்பு, வேறு இடம் கேளாமல் அதே அணிக்குள் இடம் மாற்றிக்கொள்வதில் இருக்கிறது. இரண்டு வரி நிரலோ ஒவ்வொரு படியிலும் புதிய பட்டியல்களைப் படைக்கிறது. முதல் உறுப்பையே நடுவராகக் கொள்வதால், ஏற்கெனவே வரிசையாக உள்ள பட்டியலைக் கொடுத்தால் மிகவும் தளர்கிறது. சுருக்கமாக எழுதியது விரைவாக ஓடும் என்று நம்பிவிடக் கூடாது. பத்து லட்சம் உறுப்புகளில் ஒன்றை மாற்றச் சாதாரண அணிக்கு ஒரு படி போதும். மாறாத மர அமைப்பில் ஏறத்தாழ இருபது படிகள் ஏறி இறங்க வேண்டும். பல வேலைகளுக்கு இந்த விலை பொறுக்கத்தக்கதே. எல்லா வேலைகளுக்கும் அன்று.

நான்காவது, வேலைவாய்ப்பு. நம் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்கள் ஜாவா கேட்டனர், பைத்தான் கேட்டனர், எஸ்.க்யூ.எல். கேட்டனர். ஹாஸ்கெல் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஹாஸ்கெல்லை வளர்த்தவர்களுள் ஒருவரான வாட்லரே, சார்பு வழி மொழிகளை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்று 1998-இல் ஒரு கட்டுரை எழுதினார். பிற மொழிகளோடு இணங்காமை, நூலகங்களின் குறை, கருவிகளின் குறை, பயிற்சிக்கு ஆகும் காலம் எனக் காரணங்களை அவர் அடுக்கினார். அன்றைய குறைகளுள் சில இன்று நீங்கியுள்ளன. பயிற்சிக்கு ஆகும் காலம் மட்டும் குறையவே இல்லை என்பதை எங்கள் ரெக்கார்டு நோட்டுகளே சொல்லும்.

பின் ஏன் கற்க வேண்டும்?

இவ்வளவும் சொன்ன பிறகு இக்கேள்வி எழுவது இயல்பு. மொழி பரவவில்லையே தவிர, கருத்து பரவிவிட்டது. 2011-இல் சி++ மொழியும் 2014-இல் ஜாவாவின் 8-ஆம் பதிப்பும் லாம்டாவை ஏற்றுக்கொண்டன. எரிக்சன் நிறுவனத்தில் 1986-இல் தொடங்கிய எர்லாங் என்னும் சார்பு வழி மொழியின்மேல்தான் வாட்ஸ்அப் கட்டப்பட்டது. அலுவலகங்களில் அன்றாடம் திறக்கும் எக்செல் தாளில் ஒவ்வொரு கட்டமும் பிற கட்டங்களைச் சார்ந்து விடை தருகிறது. அங்கே மடக்கும் இல்லை, மதிப்பு மாற்றும் கட்டளையும் இல்லை. அதில் பயனரே தம் சார்புகளை வரையறுக்க உதவும் 'லாம்டா' வசதி 2020-இல் அறிவிக்கப்பட்டது. வாய்பாடு எழுதும் கணக்கர் எவரும் தம்மை அறியாமலே இந்நெறியில் நடக்கிறார்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். இந்தப் பருவத்தில் ஜாவாவில் திட்டப்பணி செய்கிறேன். ஒரு செயற்கூற்றை எழுதுமுன், 'இதன் விடை எதையெதைச் சார்ந்தது?' என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. கணக்கிடும் பகுதியைச் சார்பாகவும், எழுதவும் படிக்கவும் வேண்டிய பகுதியைச் செயற்கூறாகவும் பிரித்துவிடுகிறேன். சார்பைச் சோதிப்பது எளிது. கொடுத்ததைக் கொடுத்தால் வருவது வரும். பிழை நேர்ந்தால் தேட வேண்டிய இடம் சுருங்குகிறது. நேர்முகத் தேர்வில் ஒருவரும் கேட்காத இந்தப் பழக்கமே, அப்பருவம் எனக்கு விட்டுச்சென்ற செல்வம்.

இளைய நண்பர்களுக்கு

ஆகவே என் விடை இதுதான். ஏதேனும் ஒரு மொழியில் இன்னும் கால் ஊன்றாதவர்களும், இவ்வாண்டே வேலை கிடைத்தாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களும், தயங்காமல் மற்றப் பாடத்தை எடுங்கள்; அதில் இழிவு ஒன்றுமில்லை. ஒரு மொழியில் தேறியவர்கள், வாரம் நான்கைந்து மணி நேரம் வகுப்புக்கு வெளியே உழைக்க இயன்றவர்கள், இதை எடுங்கள். முதல் ஆறு வாரம் பின்னடைவு போலத் தோன்றும். அதைக் கொண்டு உங்கள் அறிவை அளக்காதீர்கள். தரவினத்தை முதலில் எழுதுங்கள். தமிழ் உரையைக் கையாளத் தொடக்கத்திலேயே 'டெக்ஸ்ட்' நூலகத்தைப் பிடியுங்கள். கணித மாணவர் ஒருவரும் கணிப்பொறி மாணவர் ஒருவரும் ஆய்வகத்தில் அருகருகே அமருங்கள். ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்குத் தெரிந்திருக்கும்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் மாநிலத்துப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிப்பொறி அறிவியலின் புதிய பாடநூல் செயற்கூறுகளில்தான் தொடங்குகிறது. தூய செயற்கூறு எது என்பதும் அதிலேயே வருகிறது. நம்முள் பலர் அதை இரண்டு மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்து கடந்து வந்தோம். பைத்தான் பாடத்தின் முதல் வாரத்திலேயே அதை மீண்டும் எடுத்து, எது சார்பு, எது செயற்கூறு என்று பிரித்துக் காட்டினால், விருப்பப் பாடம் எடுக்காத மாணவர்க்கும் இதன் பயன் சென்று சேரும். இரண்டு சொற்கள் தமிழில் ஆயத்தமாக இருக்கின்றன. அவற்றின் இடையே உள்ள தொலைவை நடந்து காட்டுவதே இனி வேண்டுவது.